புதிதாக ஆர்கேட் பெட்டி செய்ய வருபவர் கையில் முதலில் எதைக் கொடுப்பது?

கேள்வி (2025 ஜனவரி 5)

"சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கடைகளில் காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி இருக்குமே, அதுபோல் வீட்டிலேயே ஓர் ஆர்கேட் பெட்டி செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அனுபவம் உள்ள இருவரிடம் வழி கேட்டேன். ஒருவர் முப்பதுக்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்ட பட்டியலை அனுப்பினார். மற்றவர், மேசை ரம்பம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்றார். என்னிடம் இருப்பவை ஒரு சுத்தியலும் ஒரு ஸ்க்ரூடிரைவரும்தான். இந்தப் பொழுதுபோக்கு பணமும் பட்டறையும் உள்ளவர்களுக்கு மட்டும் என்றால், அதை வெளிப்படையாகவே சொல்லிவிடலாமே?"

ஜனவரி 5, இரவு

தம்பி, உங்களிடம் பட்டியலை நீட்டியவர்கள் கெட்ட எண்ணத்தில் நீட்டியிருக்க மாட்டார்கள். தாங்கள் பட்ட பாட்டை இன்னொருவர் படக் கூடாது என்ற அக்கறைதான் பட்டியலாக வந்திருக்கிறது. ஆனால், இன்னும் ஒரு பொத்தானைக்கூட அழுத்திப் பார்க்காத ஒருவருக்கு முப்பது பொருள்களின் பெயர்களால் என்ன பயன்?

நானும் இதே ஊர்தான். எங்கள் வீட்டில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைத்தான் சொல்கிறோம். இதுவரை நான்கு பெட்டிகள் செய்திருக்கிறேன். அந்த நான்குக்கும் முன்னால் செய்ததைப் பெட்டி என்று சொல்ல முடியாது. காலணி வாங்கிய அட்டைப்பெட்டியின் மூடியில் கத்தியால் 30 மில்லிமீட்டர் துளைகளை வெட்டி, ஒரு ஜாய்ஸ்டிக்கையும் ஆறு பொத்தான்களையும் பொருத்தி, அட்டை வளையாமல் இருக்க அடியில் ஒரு துண்டுப் பலகையை ஒட்டி, பழைய மடிக்கணினியோடு இணைத்தேன். பொத்தான்களுக்கும் கணினிக்கும் இடையில் இருந்தது ஸீரோ டிலே என்ற பெயரில் விற்கப்படும், பொத்தான் அழுத்துவதைக் கணினிக்குத் தெரிவிக்கும் சிறிய யு.எஸ்.பி. மின்சுற்றுப் பலகை ஒன்றுதான். அதைப் பொருத்த ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. அன்றிரவு அதை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய ஆடினேன்.

1992இல் எனக்குப் பதினொரு வயது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கடைக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டம் வந்திருந்தது. கேப்காம் நிறுவனம் அதை அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியிட்டிருந்தது. தோட்டத்திலிருந்து சைக்கிளில் போய், கையில் காசில்லாமல் நின்று பார்ப்பேன். செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டும் அண்ணன் ஒருவர், ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் ஜாய்ஸ்டிக்கை என் பக்கம் விட்டுவிட்டு, "நீ ஆடு, நான் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்றார். எந்தப் பொத்தான் எதற்கு என்று அவர் சொல்லவில்லை. தோற்றுப் போனால் என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை. புதியவரை வரவேற்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த லாரிக்கார அண்ணனின் நினைவுதான் வருகிறது.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் எந்த ஆட்டத்தை, எங்கே ஆடினீர்கள்? அதற்கு வரும் பதிலை வைத்துத்தான் திரை நிமிர்ந்திருக்க வேண்டுமா, படுத்திருக்க வேண்டுமா, பொத்தான்கள் எத்தனை, பெட்டி நிற்பதா மேசையா என்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியும். அது தெரியாமல் கொடுக்கப்படும் பட்டியல், யாருக்கு என்று கேட்காமலே தைத்த சட்டையைப் போன்றது.

ஜனவரி 6

செலவைச் சொல்ல விட்டுவிட்டேன். என்னுடைய அட்டைப்பெட்டிக்கான பொத்தான், ஜாய்ஸ்டிக், யு.எஸ்.பி. பலகை, வயர் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 80 ரிங்கிட் ஆயின. கடையில் பார்த்துத் தொட்டு வாங்க விரும்பினால் கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்கு ஒரு முறை போய்வாருங்கள். மின்னணுப் பொருள்களுக்காகவே பெயர் பெற்ற தெரு அது.

பெட்டிக்குப் பலகை வாங்கும் கட்டம் வரும்போது, மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பக்கம் போகாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது தாங்காது.

ஜனவரி 7

ஒரு திருத்தம் அவசியமாகிறது. கேள்வி கேட்டவர் தம்பி அல்லர், தங்கை. தனியாக எழுதித் தெரிவித்தார். மிகவும் மரியாதையாக, வருத்தம் ஏதும் காட்டாமல் எழுதியிருந்தார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஒருவர் சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்திருக்கிறேன் என்றவுடன் அவர் ஆணாகத்தான் இருப்பார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வரவேற்பைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதிய பதிலை, வாசலில் வந்து நிற்பவர் யார் என்று பாராமலே தொடங்கியிருக்கிறேன். தங்கை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் கேள்விக்கான பதிலும் வந்திருக்கிறது. ரவாங்கில் அவருடைய மாமா வைத்திருந்த சாப்பாட்டுக் கடையில் கண்ணாடி பதித்த மேசை வடிவப் பெட்டி ஒன்று இருந்ததாம். அதில் பேக்-மேன் ஆடியிருக்கிறார். மேசையின் இரு பக்கங்களிலும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முறை முடிந்ததும் படம் தலைகீழாகத் திரும்பி மற்றவரைப் பார்க்கும் வகை அது.

இப்போது அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பேக்-மேன் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி வடிவமைத்து 1980இல் வெளிவந்த, வளைந்து திரும்பும் பாதைகளில் ஓடும் ஆட்டம். அதை ஆடுவதற்குப் பொத்தானே தேவையில்லை. நான்கு திசைகளில் நகரும் ஜாய்ஸ்டிக் குச்சி ஒன்றும், ஆட்டத்தைத் தொடங்க ஒரு பொத்தானும், காசு போட்டதாகக் கணக்கு வைக்க ஒரு பொத்தானும் இருந்தால் போதும். சண்டை ஆட்டங்களுக்கான ஆறு பொத்தான் அமைப்பு, ஒலிபெருக்கிப் பெட்டி, விளக்கு வைத்த பெயர்ப்பலகை ஆகிய எவையும் இந்தத் தங்கைக்கு வேண்டாம். முப்பது பொருள்கள் ஒரு கைக்கு அடங்கிவிட்டன. இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருந்தால், அவர் மனம் சோர்ந்து எழுத நேர்ந்திருக்காது.

ஜனவரி 11

பட்டியல் கொடுத்த நண்பர் என் பதிலைப் படித்துவிட்டு நேற்று அழைத்தார். "எச்சரிக்காமல் விட்டு, யாருக்காவது மின்சாரம் தாக்கினால் நீங்கள் பொறுப்பா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிச் சிந்தித்ததில் மறக்க விரும்பிய ஒன்று நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தான். பழைய கணினியின் தட்டைத் திரையை வைத்துப் பெட்டி செய்ய வேண்டும் என்றான். நான் அவனுக்குப் பழைய படக்குழாய்த் திரைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். குழாயின் பக்கவாட்டில் உறிஞ்சிபோல் ஒட்டியிருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம் இருக்கும் என்றும், மின்சாரத்தை அணைத்த பின்னும் அது தேங்கி நிற்கக்கூடும் என்றும், கழுத்துப் பகுதி உடைந்தால் என்ன ஆகும் என்றும் சொன்னேன். சொன்னவை எல்லாம் உண்மை. ஆனால் அவன் படக்குழாயைத் தொடப் போவதே இல்லை. தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லிப் போனான். அதன் பிறகு வரவில்லை.

எனவே நண்பருக்கு என் பதில் இது. அவர்கள் தொடப்போகும் பொருளைப் பற்றி, அதைத் தொடும் நாளில் எச்சரிப்போம். அட்டைப்பெட்டிக் கட்டத்தில் இருப்பது யு.எஸ்.பி.யில் வரும் 5 வோல்ட் மட்டுமே. அதில் பயப்பட ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் திரையை வைக்கும் நாளில் வீட்டு மின்சாரம் உள்ளே வருகிறது. அன்று சொல்ல வேண்டியவை மூன்று. திரைக்கும் கணினிக்கும் அவற்றோடு வந்த மூடிய அடாப்டர்களையே பயன்படுத்த வேண்டும், அவற்றைப் பிரிக்கக் கூடாது. மூன்று முள் பிளக்கில் நில இணைப்பு முள்ளை நீக்கிய எந்த நீட்டிப்பு வயரையும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வேலையைத் தொடங்கும் முன், வீட்டு மின்பலகையில் உள்ள, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். படக்குழாயை அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் திறக்கவே கூடாது என்பதில் எனக்கும் நண்பருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தப் பையன் இதைப் படிக்க நேர்ந்தால், என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது.

ஜனவரி 18

தங்கை இன்று தம் அம்மாவோடு வீட்டுக்கு வந்தார். இணையக் கடை ஒன்றில் வாங்கிய பொருள்களை ஒரு பையில் கொண்டுவந்தார். மேசை மேல் பரப்பியதும் சிக்கல் தெரிந்தது. பொத்தான்களுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்சின் தகட்டு முனைகள் 4.8 மில்லிமீட்டர் அகலம், கூடவே வந்த வயர்களின் முனைகளோ 2.8 மில்லிமீட்டர். ஜப்பானியப் பாணிப் பொத்தான்களுக்கு உரிய வயரை அமெரிக்கப் பாணிப் பொத்தான்களோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டில் இரண்டு மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்து, விரல் நுனி சிவந்து, தமக்குத்தான் கை வரவில்லை என்று எண்ணியிருக்கிறார். புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கழன்றுபோகிறார்கள். பொருளின் குறையைத் தங்கள் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

என்னிடம் 4.8 மில்லிமீட்டர் முனைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. பழைய முனையை வெட்டி எடுத்து, வயரின் மேலுறையை அரை சென்டிமீட்டர் உரித்து, உள்ளே இருக்கும் இழைகளை விரலால் முறுக்கி, புதிய முனையின் காதுக்குள் செருகி இடுக்கியால் அழுத்துவது எப்படி என்று ஒன்றே ஒன்றைச் செய்து காட்டினேன். மீதியை அவரே செய்தார். இரண்டாவது முனையில் கொஞ்சம் அதிகமாக அழுத்தியதால் காது கிழிந்தது. மூன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது. ஒவ்வொன்றையும் முடித்தவுடன் வயரைப் பிடித்து ஒரு முறை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை நான் சொல்லாமலே தொடங்கினார். அவர் அம்மா, "தையல் இயந்திரத்தில் நூல் கோக்கிற மாதிரிதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, கடைசி இரண்டைத் தாமே செய்தார்.

ஜனவரி 19

நேற்று எழுத மறந்த ஒன்று. மைக்ரோ சுவிட்சில் மூன்று தகடுகள் இருக்கும். ஒன்று பொது முனை, அது யு.எஸ்.பி. பலகையின் நில வயருக்கு உரியது. இன்னொன்று அழுத்தினால் இணைவது, மூன்றாவது அழுத்தினால் துண்டிப்பது. மூன்றாவதில் வயரை மாட்டிவிட்டால், யாரும் தொடாதபோது பொத்தான் அழுத்தியபடியே இருப்பதாகவும், அழுத்தினால் விட்டுவிட்டதாகவும் கணினி எண்ணிக்கொள்ளும். யு.எஸ்.பி. பலகை பழுது என்று தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். இணைப்பு இருந்தால் ஒலி எழுப்பும் மல்டிமீட்டரை இரண்டு தகடுகளில் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் வந்தால் அதுதான் சரியான இணை.

ஜனவரி 27

எம்.டி.எஃப். பற்றி 6ஆம் தேதி நான் எழுதியது முழுவதும் சரியன்று. தச்சர் ஐயா ஒருவரிடம் அந்த வரியைக் காட்டியபோது, பழி பலகையின் மேல் போகக் கூடாது என்றார். என் முதல் பெட்டியின் அடிப்பகுதி உப்பிப் பெயர்ந்ததற்குக் காரணம், அதைத் தரையோடு தரையாக வைத்து, வாரம் இரு முறை ஈரத் துணியால் தரையைத் துடைத்துவந்ததுதான். வெட்டிய விளிம்புகளில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை இரண்டு முறை பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே வண்ணம் அடித்து, அடியில் ஓர் அங்குல உயரத்துக்கு ரப்பர் கால் வைத்திருந்தால் அது இன்னும் நின்றிருக்கும் என்கிறார். எம்.டி.எஃப். சீராக வெட்டுப்படும், வண்ணமும் நன்றாகப் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை அறுக்கும்போது கிளம்பும் நுண்தூள் நெஞ்சுக்கு ஆகாது. முகக்கவசம் அணிந்து வெளியில் வைத்து அறுங்கள்.

தங்கையின் மேசைக்கு நான் இப்போது எண்ணுவது ரப்பர் மரப் பலகை. சிறு துண்டுகளை விரல் கோத்ததுபோல் இணைத்து ஒட்டிய பலகையாக அது எங்கும் கிடைக்கிறது. ஜொகூரின் மூவாரில் தளவாடத் தொழிலே பெருமளவுக்கு இந்த மரத்தை நம்பித்தான் நடக்கிறது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் விறகாகத்தான் எரித்தார்கள். மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணமும் துளைப்பூச்சியும் பிடித்துவிடும். போரான் உப்புக் கரைசலை ஏற்றிப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே அது தளவாட மரமானது. ஆகவே பதப்படுத்திய பலகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மாதிரிக்குக் கொண்டுவந்த துண்டை என் அப்பா கையில் எடுத்துப் பார்த்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். முகர்ந்து பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். "பட்டைக்கு உள்ளே கத்தி படக் கூடாது என்று அடித்துச் சொல்வார்கள். உள்ளே இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார்.

பிப்ரவரி 13

பத்துமலையிலிருந்து திரும்பி வந்த மறுநாள் மாலை இங்கே பேய் மழை. இடி விழுந்ததில் எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் இணைய மோடம் போய்விட்டது. என் பெட்டிகள் தப்பின, ஏனென்றால் வானம் கறுத்தவுடன் பிளக்கைக் கழற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. புதிதாக வருபவருக்கு நம் ஊரில் இருந்துகொண்டு சொல்ல வேண்டிய முதன்மையான எச்சரிக்கை இதுவாகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது.

அவற்றில் இல்லாத இன்னொன்று பல்லி. இயங்கும் பெட்டிக்குள் வெதுவெதுப்பாக இருப்பதால் பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போய் முட்டையிடும். என் மூன்றாவது பெட்டியின் யு.எஸ்.பி. பலகை மேல் பல்லி எச்சம் விழுந்து, செம்பு கறுத்து, ஒரு பொத்தான் தானாக அழுந்திக்கொண்டே இருந்தது. காற்றுத் துளைகளுக்கு உட்புறமாகக் கொசு வலையை ஒட்டிவிடுங்கள்.

பிப்ரவரி 22

விளையாட்டுக் கோப்புகள் எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதில் நான் கறாராக இருக்க விரும்புகிறேன். பழைய ஆர்கேட் பலகைகளைக் கணினியில் இயங்கச் செய்யும் மேம் என்ற மென்பொருளை நிக்கோலா சால்மோரியா 1997இல் வெளியிட்டார். 2016இல் அது முழுமையான திறமூல உரிமத்துக்கு மாறியது. அதை யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அதற்குள் ஓடும் ஆட்டங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் இருக்கிறது. ராபி ரோட்டோ போன்ற சில ஆட்டங்களை அவற்றின் உரிமையாளர்களே வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசமாக விட்டிருக்கிறார்கள். பேக்-மேன் போன்றவற்றை, நாம்கோ இணைந்து உருவான பண்டாய் நாம்கோ நிறுவனம் விற்கும் தொகுப்புகளாக வாங்கலாம். கோப்பு கேட்டு வந்தவரைக் கடிந்து விரட்டுவது எனக்கு உடன்பாடன்று. அவருக்கு இந்த வேறுபாட்டை ஒரு முறைகூட யாரும் பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மார்ச் 9

தங்கையின் அட்டைப்பெட்டி இயங்குகிறது, ஆனால் மூலைகளில் பேக்-மேன் திரும்ப மறுக்கிறது என்று புகார். மேலே போய்க்கொண்டிருக்கும்போது வலப்பக்கம் தள்ளினால் நின்றுவிடுகிறதாம். காணொளி அனுப்பினார். அவருடைய கட்டைவிரலைக் கவனித்தபோது காரணம் புரிந்தது. அவர் வாங்கியது எட்டுத் திசைக் குச்சி. மேலிருந்து வலப்பக்கம் போகும் வழியில் அது மூலைவாட்டில் ஒரு கணம் நின்று, மேல், வலம் ஆகிய இரண்டு சுவிட்சுகளையும் ஒன்றாக அழுத்துகிறது. நான்கு திசைகளை மட்டுமே அறிந்த ஆட்டத்துக்கு அது குழப்பம்.

சில குச்சிகளின் அடியில் தண்டின் அசைவைக் கட்டுப்படுத்தும் பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். அதைக் கழற்றி 45 பாகை திருப்பி மாட்டினால் மூலைகள் அடைபட்டு, அது நான்கு திசைக் குச்சியாகிவிடும். இவருடையது அந்த வகைதான். ஜனவரி 7ஆம் தேதிக் குறிப்பில் நான்கு திசைக் குச்சி என்று எழுதிவிட்டு, அவர் வாங்கி வந்ததை 18ஆம் தேதி நேரில் பார்த்தபோதும் அதைக் கவனிக்காமல் விட்டது என் பிழை. வயர் முனைகளில் மட்டுமே என் கண் இருந்தது.

தகட்டைத் திருப்பிய அன்றிரவு பத்தரை மணிக்கு அவரிடமிருந்து மறு காணொளி வந்தது. பேச்சில்லை. ஆட்டத்தின் சத்தமும், பின்னால் அவர் அம்மா "இன்னும் எத்தனை நேரம்" என்று கேட்கும் குரலும் மட்டும் இருந்தன.

மார்ச் 23

மேசைப் பெட்டிக்குப் பலகை வெட்டும் வேலை நேற்று நடந்தது. வெட்டிக் கொடுத்தவர், மேசை ரம்பம் இல்லாமல் இறங்க வேண்டாம் என்று தங்கையிடம் முதலில் சொன்ன அதே அண்ணன். நான் அவரைப் பற்றி ஜனவரியில் கொஞ்சம் கடுமையாகவே நினைத்திருந்தேன். இங்கே நடப்பவற்றைப் படித்துவிட்டு அவரே அழைத்து, பலகையைக் கொண்டுவரச் சொன்னார். ரம்பம் வேண்டும் என்று அவர் சொன்னதில் தவறில்லை, நேர்க்கோட்டில் அறுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. அது ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை, ஊரில் ஒருவரிடம் இருந்து அவர் கதவைத் திறந்தால் போதும். தங்கை பென்சிலால் கோடு போட்டுக் கொடுக்க, அண்ணன் நான்கு பக்கப் பலகைகளையும் இருபது நிமிடத்தில் அறுத்துக் கொடுத்தார். கோட்டின் எந்தப் பக்கம் ரம்பத்தின் பல் போக வேண்டும் என்று கேட்டு அறுத்தார். பல்லின் தடிமனே மூன்று மில்லிமீட்டர் இருப்பதால், கேட்காமல் அறுத்திருந்தால் மேல் பலகை பொருந்தியிருக்காது.

திரையைப் படுக்க வைத்து 90 பாகை திருப்பப் போவதால், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரையைத் தேடினோம். அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட 19 அங்குலத் திரை கிடைத்தது. 18 மில்லிமீட்டர் பலகையில் ஜாய்ஸ்டிக்கின் தண்டு மேலே போதிய அளவு நீளாது என்பதால், குச்சி உட்காரும் இடத்தில் மட்டும் அடிப்பக்கத்தை உளியால் குடைந்து மெல்லியதாக்க வேண்டும். அந்த வேலையைத் தச்சர் ஐயா தங்கைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். பாதி ஆழம் முடிந்திருக்கிறது. கண்ணாடியைக் கோலசிலாங்கூரில் வெட்டச் சொல்லியிருக்கிறோம். சனிக்கிழமை காலை என் வேனில் போய் எடுத்து வருவோம், இடையில் வைக்க இரண்டு பழைய கம்பளிகளை எடுத்து வைத்திருக்கிறேன்.